கரையில் நிற்பவரின் பங்கு

அன்புள்ள தம்பிக்கு,

வயதில் மூத்தவன் என்ற உரிமையில் இப்படி அழைக்கிறேன். காசிமேட்டில் கரை திரும்பாத மீனவர்களின் வீடுகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது தண்டையார்பேட்டையில் மகன் வீட்டில் இருக்கிறேன். 1980களில் வடகிழக்கில் ஒரு தளத்தில் வேலை. சாலை இல்லாத மலைகளில் இருக்கும் காவல் நிலைகளுக்கு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் சரக்கு விமானத்தில் கொண்டுபோய் பாராசூட்டில் போடுவார்கள். ஒரு நாள் காலை அப்படிப் போன விமானம் திரும்பவில்லை. உள்ளே ஐந்து பேர். இரண்டு பைலட்டுகள், ஒரு நேவிகேட்டர், ஒரு ஃப்ளைட் எஞ்சினியர், சரக்கைத் தள்ளிவிடும் கன்னர் ஒருவர்.

அந்த விமானத்தைப் புறப்படத் தயார் செய்தவர்களில் நானும் ஒருவன். வேகம் காட்டும் கருவிக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் பிட்டோ குழாய் என்று ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தரையில் நிற்கும்போது பூச்சி புகாமல் அதற்கு உறை போட்டு வைப்போம். உறையிலிருந்து சிவப்பு நாடா தொங்கும். புறப்படும் முன் அதைக் கழற்றி, பைலட் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். காட்டினேன். அவர் கட்டைவிரலை உயர்த்தினார். பத்தரை மணிக்குத் திரும்ப வேண்டியவர்கள். உறையைக் கையில் வைத்துக்கொண்டு மாலை வரை ஓடுபாதையைப் பார்த்தபடி நின்றேன்.

பிறகு அதிகாரிகள் வந்து, விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான எஃப்-700ஐ விசாரணைக்கு எடுத்துப் போனார்கள். அதில் என் கையெழுத்து இருந்தது. உறையையும் வாங்கிக்கொண்டார்கள். வானிலைதான் காரணம் என்று முடிவானது. என் மேல் ஒரு சொல் வரவில்லை. மறுநாள் காலை வேறு விமானத்துக்கு எனக்கு வேலை போட்டார்கள். ஐந்து சவப்பெட்டிகளும் ஐந்து ஊர்களுக்குப் போயின. நான் எந்த ஊருக்கும் போகவில்லை.

ஃப்ளைட் எஞ்சினியர் எங்களுக்கெல்லாம் மூத்தவர். ஏறுவதற்கு முன் புரொப்பல்லர் இதழை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். அப்படித் தட்ட வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. இளைய பைலட் பஞ்சாபிப் பையன். என்னைப் பார்த்தால் “தம்பி, சாப்பிட்டாச்சா?” என்பான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

2024 ஜனவரியில், 2016இல் தாம்பரத்திலிருந்து போய்த் திரும்பாத விமானப்படை விமானத்தின் பாகங்கள் கடலடியில் கிடைத்தன என்று செய்தி வந்தபோது நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. என்ன ஆயிற்று என்று மனைவி கேட்டாள். இத்தனை ஆண்டுகளாக அவளிடம் சொல்லாததை அன்றும் சொல்லவில்லை. ஆண்டுதோறும் அந்தத் தேதியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறேன். நான் அவர்களுக்கு உறவில்லை, ஊரில்லை, அவர்களோடு பறந்தவனும் இல்லை. துக்கம் காக்க எனக்கு உரிமை இருக்கிறதா?

பெயர் போட வேண்டாம்.

ஓய்வுபெற்ற சார்ஜென்ட், தண்டையார்பேட்டை

*

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியது ஆறுதல் சொல்வதுபோல இருந்தது. கிழித்துவிட்டேன். நீங்கள் கேட்டது ஆறுதல் இல்லை. உரிமை உண்டா, இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று.

நம் தெருவில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். தாய்மாமன் வீட்டார் கோடித் துணியோடு வருவார்கள். மகன் மொட்டை போட்டுக் கொள்ளிக்குடம் தூக்குவான். பெண்கள் கட்டிப் பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். பங்காளிகளுக்குத் தீட்டு, பதினாறு நாள் காரியம். யார் எந்த உறவோ, அந்த உறவின் கைக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்துகொண்டே அவர்கள் துக்கத்தைக் கடக்கிறார்கள். செத்தவரோடு முப்பது ஆண்டுகள் ஒரே பட்டறையில் நின்றவர் வருவார். ஒரு மாலையைப் போடுவார். எதிரே இருக்கும் டீக்கடை ஓரமாய் நிற்பார். ஊர்வலம் கிளம்பினால் பின்னாலேயே நடப்பார். அவருக்கு அங்கே வேறு வேலை கிடையாது. மகாளய பட்சத்தில் உறவல்லாத நண்பருக்கும் ஆசிரியருக்கும்கூட எள்ளும் நீரும் இறைக்கும் வழக்கம் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் நம் பக்கத்துத் தொழிலாளி வீடுகளில் அதைச் செய்ய யாருக்கு நேரம் இருந்தது?

உங்களுக்கு அந்த டீக்கடை ஓரம்கூடக் கிடைக்கவில்லை. பெட்டி சுமந்தவர்களுக்கு ஒரு வேலை இருந்தது. துப்பாக்கியைத் தலைகீழாய்ப் பிடித்து நின்றவர்களுக்கு ஒரு வேலை இருந்தது. ஒரு வீரர் இறந்தால் அவருடைய துணிப்பெட்டியைத் திறந்து, சட்டை எத்தனை, கடிதம் எத்தனை என்று எண்ணிப் பட்டியல் போட்டு வீட்டுக்கு அனுப்பவும் படையில் ஒரு முறை இருக்கிறது. அது கொடுமையான வேலை. ஆனாலும் அந்தச் சட்டையைத் தொட்டு மடிக்க ஒரு கை தேவைப்படுகிறது. உங்கள் கைக்கு மறுநாள் காலை வேறு விமானத்தின் ஸ்பேனரைக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் துக்கம் இன்னும் அந்த ஓடுபாதை ஓரத்திலேயே நிற்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1970களின் கடைசியில் அவர் ஒரு விசைப்படகில் ஆளாகப் போய்க்கொண்டிருந்தார். மீன் விற்ற காசில் டீசல் செலவு போக மீதியைப் பங்கு வைப்பார்கள். படகுக்கு, வலைக்கு, பிறகு ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு நாள் இரவு வலை இழுக்கும்போது அவர்களில் ஒருவர் கடலில் விழுந்துவிட்டார். விடியும்வரை சுற்றிச் சுற்றித் தேடினார்கள். கிடைக்கவில்லை. அடுத்த முறை பங்கு வைத்தபோது அவருடைய பங்கையும் தனியே எடுத்து வைத்தார்கள். யாரும் பேசி முடிவெடுத்ததாக எனக்கு நினைவில்லை. ஓராண்டுக்கு மேல் அப்படி நடந்தது. எங்கள் வீட்டில் அந்த ஆண்டு கஷ்டம்தான். ஆனால் அந்தப் பங்கைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை.

பணத்தை அப்பாதான் கொண்டுபோய்க் கொடுப்பார். சில நாள் என்னையும் கூட்டிப்போவார். விழுந்தவரின் மனைவி, அந்த அத்தை, கதவோரம் உட்கார்ந்திருப்பார். தாலியைக் கழற்றவில்லை. உடலைப் பார்க்காமல் எப்படிக் கழற்றுவது? அப்பா பணத்தைக் கொடுத்துவிட்டு உடனே எழுந்துவிட மாட்டார். படகில் நடந்ததைச் சொல்வார். வலை கனத்தால் அவனுக்குத்தான் முதலில் கை உணரும் என்பார். ஒரு நாள், “ராத்திரி தூக்கம் வராமலிருக்க அவன்தான் எங்களுக்குப் பாடுவான்” என்றார். அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“அவர் பாடுவாரா?”

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. பதினோரு ஆண்டுகள் குடும்பம் நடத்தியவர். வீட்டில் அந்த மனிதர் வாய் திறந்து நாலு வார்த்தை பேசாதவராம். என்ன பாட்டு என்று கேட்டார். அப்பா தன் கரகரத்த குரலில் இரண்டு வரி பாடிக் காட்டினார். அத்தை அன்றுதான் முதன்முறையாக வாய்விட்டு அழுதார் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பிறகு சொன்னார்கள்.

பங்காளி என்றால் பங்கு உள்ளவன். சொத்தில் பங்கு உள்ளவனைத்தான் நாம் அப்படி அழைக்கிறோம், தீட்டும் அவனுக்கே. எங்கள் கரையில் அந்தச் சொல்லுக்கு இன்னோர் அர்த்தத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரே படகில் பங்கு வாங்கியவன், போனவனின் பங்கை அவன் வீட்டுக்குக் கொண்டுசேர்க்க வேண்டியவன். அண்ணா, நீங்கள் அந்த ஐந்து பேருக்கும் பங்காளி. கூடவே பறந்தீர்களா என்பது ஒரு கணக்கே இல்லை.

கையெழுத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் பக்கத்துத் தெருவில் விமானப்படையில் இருந்தவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் எஃப்-700 பற்றிக் கேட்டேன். பராமரித்தவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகு கேப்டனும் அதைப் படித்து, விமானத்தை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுவார் என்றார். இதை நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் எனக்கு எழுதியபோது அந்தத் தாளில் உங்கள் கையெழுத்து இருந்தது என்று மட்டுமே எழுதினீர்கள். அந்தக் கேப்டனுடைய கையெழுத்தும் அதில் இருந்திருக்கிறது. உங்களுடையதைப் படித்துவிட்டு, நம்பிப் போட்டது. அதையும் நினையுங்கள். இன்னொன்று. அந்த உறை மாலைவரை உங்கள் கையில் இருந்தது. அது குழாயிலேயே இருந்திருந்தால்தான் உங்கள் தவறு. செய்ய வேண்டியதைச் செய்ததால்தான் அது உங்கள் கைக்கு வந்தது.

அந்த மலைகள் எப்படிப்பட்டவை என்பது உங்களுக்குத் தெரியும். 2019 ஜூன் 3 அன்று அசாமின் ஜோர்ஹாட்டிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் மெச்சுகாவுக்குப் போன விமானப்படையின் ஏஎன்-32 சரக்கு விமானத்தில் 13 பேர் இருந்தார்கள். ஹெலிகாப்டர்கள், செயற்கைக்கோள் எல்லாம் இருந்தும் விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்க எட்டு நாட்கள் ஆயின. பள்ளத்தாக்கில் மேகம் மூடினால் எந்த ஃபிட்டரின் கையெழுத்தும் அதை விலக்காது.

2024 செய்தி உங்களை ஏன் அசைத்தது என்று எனக்குப் புரிகிறது. 2016 ஜூலை 22 காலை எட்டரை மணிக்குத் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய அந்த ஏஎன்-32 விமானத்தில் 29 பேர் இருந்தார்கள். வாரக்கணக்கில் தேடினார்கள். செப்டம்பரில் தேடலை நிறுத்தி, இறந்ததாகவே கொள்ள வேண்டும் என்று குடும்பங்களுக்குச் சொன்னார்கள். ஏழரை ஆண்டுகள் கழித்து, தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, சென்னைக் கரையிலிருந்து ஏறக்குறைய 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் பாகங்களைப் படமெடுத்தது. நம் கடல்தான். நீங்கள் ஆண்டுதோறும் போய் நிற்கிற அந்தக் கரைக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் அதே தண்ணீர். அந்த விமானம் விழுந்ததற்கு முந்தைய ஆண்டு, 2015 ஜூன் 8 இரவு, கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூன்று பேரோடு இதே கடலில் விழுந்தது. ஒரு மாதத்துக்கு மேல் தேடித்தான் எடுத்தார்கள்.

இந்தச் செய்திகளிலெல்லாம் என்னை வருத்தும் ஒரு சொல் உண்டு. ‘விமானம் மாயம்.’ ‘மீனவர் மாயம்.’ தலைப்பில் இடம் குறைவு என்பதற்காக நம் பத்திரிகைகள் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டன. மாயம் என்ன இருக்கிறது இதில்? அவர்கள் வேலைக்குப் போனார்கள். ஒரு இடத்தில் விழுந்தார்கள். அந்த இடம் நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கத்துப் பெண்கள் ‘இன்னும் கரை சேரவில்லை’ என்றுதான் சொல்வார்கள். அதில் அந்த மனிதர் இன்னமும் வந்துகொண்டிருக்கிறார். 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லே நோக்கிப் போன ஏஎன்-12 விமானத்தில் 102 பேர் இருந்தார்கள். அவர்களில் நான்கு பேரின் உடல்கள் பனியிலிருந்து 2024இல் எடுக்கப்பட்டன. ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்து வீடு வந்தார்கள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று காசிமேடு கல்லறையில் ஒரு அம்மாவைப் பார்த்திருக்கிறேன். கடலில் போன மகனுக்குக் கல்லறை இல்லை. சுற்றுச்சுவர் ஓரமாய்க் கொஞ்சம் மணலைக் குவித்து, அதில் மெழுகுவத்தியைச் செருகி, காற்று அணைக்காமல் இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மெழுகு உருகி முடியும்வரை கையை எடுக்க மாட்டார்.

உங்கள் கைக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஃப்ளைட் எஞ்சினியர் வீட்டில் அவர் புரொப்பல்லரைத் தட்டிப் பார்ப்பார் என்பது யாருக்காவது தெரிந்திருக்குமா? பஞ்சாபில் அந்தப் பையனின் அக்காவோ தங்கையோ இருந்தால், அவன் தமிழில் ஒரு வாக்கியம் பேசுவான் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? வீட்டுக்குப் பெட்டி போனது, பதக்கம் போயிருக்கும், ஓய்வூதியம் போயிருக்கும். அவர்கள் வேலை செய்த பகல்கள் போகவில்லை. அவை உங்களிடம்தான் இருக்கின்றன. நாற்பது ஆண்டுகளாக அந்தப் பங்கைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் வைத்திருக்கிறீர்கள். தவறு என்று சொல்லவில்லை. யாரும் உங்களைக் கேட்கவில்லை, அதனால் இருந்துவிட்டது.

எழுதுங்கள். ஐந்து கடிதங்கள். தமிழில் எழுதினால் போதும், இந்தியிலோ ஆங்கிலத்திலோ மாற்றித் தர ஆள் இருக்கிறார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். முகவரி கிடைக்க நாளாகும். சில வீடுகளில் யாரும் இல்லாமலும் போயிருக்கலாம். இருந்தாலும் எழுதிவிடுங்கள். முதல் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் இத்தனை ஆண்டுகளாக உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எதற்கென்று தெரியாமலேயே துக்கம் காத்திருக்கிறார்.

அடுத்த முறை அந்தத் தேதியில் துறைமுகத்துக்குப் போகும்போது எனக்கும் சொல்லுங்கள். காலை ஏலம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு போகலாம். என் அப்பாவின் படகு கட்டிய இடத்தைக் காட்டுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். ஃப்ளைட் எஞ்சினியர் விரல் முட்டியால் தட்டுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை முறை தட்டுவார், வலது கையாலா இடது கையாலா என்று எழுதவில்லை. அவர் வீட்டுக் கடிதத்தில் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
தம்பி