வேக டிக்கெட்: கட்டிவிடுவதா, கோர்ட்டில் பார்ப்பதா? கலிபோர்னியா கேள்வி பதில்

கேள்வி அனுப்பியவர்கள் எல்லோரும் கலிபோர்னியாவில் வண்டி ஓட்டுபவர்கள். அதனால் பதிலும் கலிபோர்னியாவுக்கு மட்டும்தான்; வேறு மாநிலத்தில் சட்டம் வேறு. பெரும்பாலானவர்கள் "எனக்கு நடந்தது நியாயமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் கோர்ட் பார்ப்பது அதை அல்ல. டிக்கெட்டில் எழுதியிருக்கும் செக்‌ஷன் எண் என்ன, வேகத்தை எதை வைத்து அளந்தார்கள், டிராஃபிக் ஸ்கூல் (ரெக்கார்டில் ஏறும் தவறுப் புள்ளியான 'பாயின்ட்'டை மறைக்க எடுக்கும் ஓட்டுநர் வகுப்பு) உங்களுக்குக் கிடைக்குமா என்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி (சன்னிவேல்): அக்கா, எனக்கு இதுதான் முதல் டிக்கெட். 101 ஃப்ரீவேயில் 65 மைல் இடத்தில் 79 போனேன் என்று எழுதியிருக்கிறார். போனது உண்மைதான். ஆனால் சுற்றி இருந்த எல்லா வண்டியும் அதே வேகம்தான். இதைச் சொன்னால் ஜட்ஜ் விடமாட்டாரா?

பதில்: விடமாட்டார் தம்பி. உங்கள் டிக்கெட்டில் 22349 என்று இருக்கும். அது உச்சவரம்பைத் தாண்டிய குற்றம். தாண்டினீர்களா இல்லையா என்பது மட்டும்தான் அங்கே கேள்வி. "எல்லோரும் போனார்கள்" என்று நீங்களே சொல்வது, நானும் போனேன் என்று ஒப்புக்கொள்வதாகிவிடும்.

நீங்கள் டிராஃபிக் ஸ்கூல் எடுத்துவிடுங்கள். 15 மைலுக்குள் தாண்டினால் அடிப்படை அபராதம் 35 டாலர்தான். ஆனால் மாநிலமும் கவுண்டியும் அதன்மேல் ஏற்றும் கட்டணங்கள் சேர்ந்து 230, 240 டாலருக்கு வந்து நிற்கும். ஸ்கூல் எடுத்தால் அபராதம் குறையாது, கோர்ட்டுக்கு ஐம்பது டாலர் சொச்சமும் ஸ்கூல் ஃபீஸும் கூடுதலாக ஆகும். ஆனால் இந்த டிக்கெட்டுக்கு ஏறும் பாயின்ட் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கண்ணில் படாது. மூன்று வருஷத்துக்கு மேல் ரெக்கார்டில் நிற்கிற பாயின்ட் அது. 18 மாதத்துக்கு ஒரு தடவைதான் இந்தச் சலுகை. ஒரு டிக்கெட்டின் தேதியிலிருந்து அடுத்த டிக்கெட்டின் தேதிவரை கணக்கு.

பலர் ஆன்லைனில் போய், ஸ்கூல் வேண்டும் என்று கேட்காமலே பணத்தை மட்டும் கட்டிவிடுகிறார்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகி, பாயின்ட் ஏறிவிடும். அதைப் பிறகு எடுக்க அலைய வேண்டிவரும்.

கேள்வி (மௌண்டன் வியூ): எல் கமினோ ரியலில் 40 லிமிட்டில் 54 என்று ரேடார் காட்டியதாம். செக்‌ஷன் 22350. மத்தியானம் இரண்டு மணி, ரோடு காலி. ஒரு வருஷத்துக்கு முன்னால்தான் டிராஃபிக் ஸ்கூல் போனேன். இப்போது என்ன செய்ய?

பதில்: நீங்கள் கட்டாயம் வழக்காட வேண்டியவர். ஸ்கூல் கதவு மூடியிருக்கிறது, செக்‌ஷனோ உங்களுக்கு இடம் கொடுக்கிற செக்‌ஷன். 22350இல் பலகையில் இருக்கும் எண்ணைத் தாண்டியதாலேயே குற்றம் முடிவாகிவிடாது. அந்த நேரத்தில், அந்த ரோட்டில், அந்தச் சூழ்நிலையில் அந்த வேகம் ஆபத்தில்லாதது என்று நீங்கள் நிரூபித்தால் விடுதலை உண்டு. வெளிச்சம், காய்ந்த ரோடு, நடப்பவர்கள் இல்லாதது, முன்னால் வண்டி இல்லாதது எல்லாமே இங்கே சாட்சியம். டாஷ்கேம் பதிவு இருந்தால் இன்றே எடுத்து வையுங்கள். அது தானாக அழிந்துவிடும்.

ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கலிபோர்னியாவில் 'ஸ்பீட் டிராப்' தடைச்சட்டம் என்று ஒன்று உண்டு. இந்த மாதிரி ரோட்டில் ரேடாரோ லைடாரோ (லேசரால் வேகம் அளக்கும் கருவி) வைத்துப் பிடித்தால், அங்கே அந்த லிமிட் சரிதான் என்று காட்டும் என்ஜினியரிங் சர்வே ஒன்று காலாவதியாகாமல் இருக்க வேண்டும். வண்டிகள் இயல்பாக எந்த வேகத்தில் ஓடுகின்றன என்று அளந்து, நூற்றில் 85 பேர் எந்த வேகத்துக்குள் போகிறார்களோ அதை ஒட்டி லிமிட் வைப்பதுதான் அதன் அடிப்படை. சர்வேக்குச் சாதாரணமாக ஆயுள் 5 வருஷம். ஆபீசர் உரிய பயிற்சி பெற்றவர், கருவியும் முறையாகச் சரிபார்க்கப்பட்டது என்றால் 7 வருஷம். ரோட்டிலும் போக்குவரத்திலும் பெரிய மாற்றமில்லை என்று என்ஜினியர் சான்றளித்திருந்தால் 14 வருஷம்வரை போகும்.

சர்வே இல்லை, அல்லது காலாவதி என்றால் ரேடார் காட்டிய எண்ணைக் கோர்ட் ஏற்கக்கூடாது. சர்வே இருக்கிறது என்று காட்டுவது அரசுத் தரப்பின் வேலை, உங்கள் வேலை அல்ல. ஆனாலும் நீங்களே ஒரு பிரதி வாங்கி வைத்திருங்கள். எல் கமினோ மாநில நெடுஞ்சாலை 82 என்பதால் மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸிடம் எழுதிக் கேட்க வேண்டும். ஊர் ரோடு என்றால் சிட்டியின் பொதுப்பணித் துறை.

வந்ததும் தேதியோடு நிறுத்திவிடாதீர்கள். 85 சதவீத வேகம் என்ற வரியைத் தேடுங்கள். அது 46, 47 என்று இருந்தால், 54 ஒன்றும் தலைதெறிக்கப் போன வேகம் இல்லை என்று வாதாட அதுவே கை கொடுக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பள்ளிக்கூடப் பகுதிக்கும் சின்னத் தெருக்களுக்கும் இந்தச் சர்வே விதி பொருந்தாது. ஃப்ரீவேயில் 65 தாண்டியவர்களுக்கும் இது உதவாது.

கேள்வி (ஃப்ரீமாண்ட்): கோர்ட்டில் நின்று ஆங்கிலத்தில் வாதாட எனக்குப் பயம், மேடம். எழுதியே கொடுக்கலாம் என்கிறார்களே?

பதில்: கொடுக்கலாம். டி.ஆர்-205 என்ற படிவம். இதில் முழு அபராதத்தையும் முன்பணமாகக் கட்ட வேண்டும். ஜெயித்தால் திரும்பி வரும். நீங்கள் எழுதுவதுபோல ஆபீசரும் தன் தரப்பை எழுதி அனுப்ப வேண்டும். அவர் அனுப்பாவிட்டால் பெரும்பாலும் வழக்கு தள்ளுபடியாகிவிடும். தோற்றாலும் எல்லாம் முடிந்துவிடாது. தீர்ப்பை அஞ்சலில் போட்ட தேதியிலிருந்து 20 நாளுக்குள் டி.ஆர்-220 கொடுத்தால் புதிதாக நேரடி விசாரணை நடக்கும். ஆக, ஒரே வழக்குக்கு இரண்டு வாய்ப்பு. இதை நம்மவர்கள் இன்னும் அதிகம் பயன்படுத்த வேண்டும்.

எழுதும்போது புலம்பல் வேண்டாம். "வேலைக்கு அவசரம், குழந்தைக்கு ஜுரம், எட்டு வருஷமாக டிக்கெட் வாங்கியதில்லை" என்பதெல்லாம் பக்கத்தை நிரப்பும், வழக்கை அசைக்காது. எந்த லேன், எத்தனை வண்டி, ஆபீசர் எங்கே நின்றார், அவருக்கும் உங்களுக்கும் நடுவில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். ரேடாரின் கற்றை தூரம் போகப் போக விரியும். பக்கத்து லேனில் உங்களை ஒரு பெரிய வண்டி முந்திக்கொண்டிருந்தால் அந்த எண் யாருடையது என்பது நியாயமான கேள்வி. லைடார் என்றால் இந்த வாதம் அவ்வளவாக எடுபடாது. அதன் கற்றை மிகக் குறுகலானது.

கடைசி வரியில், குற்றவாளி என்று முடிவானால் டிராஃபிக் ஸ்கூலுக்கு அனுமதி வேண்டும் என்றும் கேட்டுவிடுங்கள். வழக்காடியதற்காகவே ஸ்கூல் தகுதி பறிபோகாது, கோர்ட் விதியே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் தருவதும் மறுப்பதும் ஜட்ஜ் கையில். முதல் கேள்வி கேட்ட தம்பிக்கு நான் வழக்காடச் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

நேரில் போக வேண்டி வந்தாலும் பயப்படாதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கோர்ட்டில் சொல்லிவையுங்கள். அதற்குக் காசு கிடையாது. நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களே ஜட்ஜ் முன்னால் தடுமாறுவார்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

கேள்வி (சான் ஹோசே): எல்.ஏ. போகும்போது 5ஆம் நெடுஞ்சாலையில் கெட்டில்மன் சிட்டி பக்கம் 70 லிமிட்டில் 98. கோர்ட் மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கிறது.

பதில்: 25 மைலுக்கு மேல் தாண்டியதால் கிளார்க்கிடம் ஸ்கூல் கிடைக்காது. அடிப்படை அபராதம் 100 டாலர், எல்லாம் சேர்ந்து 500ஐ நெருங்கும். உங்களுக்கு டி.ஆர்-205 பொருத்தம், அலைச்சலும் மிச்சம். எப்படி அளந்தார் என்று பாருங்கள். பின்னாலேயே வந்து தன் ஸ்பீடோமீட்டரை வைத்துச் சொன்னால், எவ்வளவு தூரம் ஒரே இடைவெளியில் தொடர்ந்தார், அந்த மீட்டரை எப்போது சரிபார்த்தார்கள் என்பவை கேட்க வேண்டியவை. விமானத்திலிருந்து பார்த்துச் சொன்னது என்றால், மேலே நேரம் அளந்தவரும் கீழே நிறுத்தியவரும் வேறு வேறு ஆட்கள். இருவரின் சாட்சியமும் வேண்டும். ஆபீசரின் குறிப்புகளைக் கேட்டு எழுத உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: டிக்கெட்டில் என் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார், கார் கலரும் தப்பு. அது போதுமா?

பதில்: போதாது. திருத்திக்கொள்வார்கள்.

கேள்வி: ஆபீசர் வராமல் இருந்துவிட்டால்?

பதில்: பெரும்பாலும் தள்ளுபடிதான். ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கோர்ட்டுக்கு வருவதும் அவர்களுக்குச் சம்பளத்தோடு சேர்ந்த வேலை.

கேள்வி (டப்ளின்): ஊரிலிருந்து வந்த அப்பாவுக்கு டிக்கெட். அடுத்த மாதம் திரும்பிப் போகிறார். கையெழுத்து வேறு போட்டுவிட்டார். அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடவே விடாதீர்கள் அம்மா. கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொண்டதல்ல, குறித்த தேதிக்குள் பதில் சொல்கிறேன் என்ற வாக்கு. அதை மீறினால் அது தனிக் குற்றம், அதற்கு மேல் 100 டாலர்வரை கூடுதலும் விழும். அடுத்த தடவை பேரப்பிள்ளைகளைப் பார்க்க வரும்போது பழைய வழக்கு ஒன்று அவர் பெயரில் நிற்க வேண்டாம். கோர்ட்டிலிருந்து நினைவூட்டல் கடிதம் வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம். வராவிட்டாலும் தேதி தேதிதான். பணம் கட்டுவதோ எழுதிக் கொடுப்பதோ, அவர் விமானம் ஏறுவதற்கு முன்னால் ஆரம்பித்துவிடுங்கள்.

கேள்வி: எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டுக்குப் பாதிப்பு வருமா? ராத்திரி தூக்கமே இல்லை.

பதில்: தூங்குங்கள். சாதாரண வேக டிக்கெட் இங்கே 'இன்ஃப்ராக்‌ஷன்', ஜெயில் தண்டனையே கிடையாத சிறு மீறல். அது மட்டுமே நாடு கடத்துவதற்கான காரணம் ஆகாது. குடிவரவுப் படிவத்தில் டிக்கெட் பற்றிக் கேட்டிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். கட்டிய ரசீதையும் கோர்ட் முடிவுத் தாளையும் பத்திரப்படுத்துங்கள். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபடுவது முற்றிலும் வேறு. அதற்குக் கைதானாலே விசா ரத்தாகலாம். அங்கே முதல் நாளே வக்கீல் வேண்டும்.

கேள்வி (டேலி சிட்டி): சான் ஃபிரான்சிஸ்கோவில் யாரும் நிறுத்தவில்லை, வீட்டுக்கு ஃபோட்டோவோடு தபால் வந்திருக்கிறது.

பதில்: அது 2025இல் தொடங்கிய வேகக் கேமரா. 11 முதல் 15 மைல் தாண்டினால் 50 டாலர், 25 வரை 100, அதற்கு மேல் 200. பாயின்ட் கிடையாது, டிராஃபிக் கோர்ட்டும் கிடையாது. வண்டி உங்களுடையதல்ல, அல்லது திருடு போயிருந்தது என்கிற மாதிரி காரணம் இருந்தால் 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். இல்லையென்றால் கட்டிவிடுங்கள்.

கேள்வி (சான் ரமோன்): பையனுக்கு வயது 19. 104 மைல் என்று எழுதியிருக்கிறார்கள்.

பதில்: 100ஐத் தாண்டினால் 22348. இரண்டு பாயின்ட், கோர்ட்டில் ஆஜராக வேண்டும், லைசென்ஸை 30 நாள்வரை நிறுத்திவைக்கலாம். 12 மாதத்தில் 4 பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸ் தரும் துறையான டி.எம்.வி. தனியாக நடவடிக்கை எடுக்கும். அதில் பாதி ஒரே நாளில் வந்துவிட்டது. சாதாரண டிக்கெட்டுக்கு வக்கீல் வையுங்கள் என்று நான் சொல்வதில்லை. இதற்குச் சொல்கிறேன். குற்றச்சாட்டை 100க்குக் கீழ் குறைக்க முடியுமா என்பதுதான் அவர் முயல வேண்டியது. அப்புறம், பையனோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்த வேகத்தில் டயர் வெடித்தால் எந்த வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: வேலை போய் நான்கு மாதம் ஆகிறது. 367 டாலர் கட்டச் சொல்கிறார்கள்.

பதில்: கோர்ட்டின் 'மைசைட்டேஷன்ஸ்' இணையதளத்தில் டிக்கெட் எண்ணைப் போட்டு வருமானத்தைச் சொல்லுங்கள். குறைந்த வருமானம், மெடி-கால் மருத்துவ உதவி, கால்ஃபிரெஷ் உணவு உதவி என்றால் பாதியோ அதற்கு மேலோ குறையலாம். தவணை, கூடுதல் அவகாசம், சமூகசேவை என்றும் கேட்கலாம். வழக்காடும் எண்ணமிருந்தால் முதலில் அதை முடித்துவிட்டு அப்புறம் இதைக் கேளுங்கள். இரண்டில் எதுவானாலும் டிக்கெட்டில் இருக்கும் தேதிக்குள் தொடங்கிவிடுங்கள்.