சிர்சியில் குடியேறுகிறவர்களுக்கு முதல் மூன்று மாதம்

கேள்வி: கணவரின் வேலை மாற்றலால் ஜூன் மாதம் சென்னையிலிருந்து கர்நாடகத்தின் சிர்சிக்குப் போகிறோம். மகனுக்கு ஒன்பது வயது. கன்னடம் தெரியாது, ஊரில் ஒருவரையும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முடிந்தால் மே மாதமே போய்விடுங்கள். சிர்சி மலைநாட்டு ஊர். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விடாது. வீடு பார்க்கும்போது மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். சாரல் அடிப்பது அந்தப் பக்கம்தான். அங்கே பூஞ்சைக் கறை இருந்தால் வேறு வீடு தேடுவது நல்லது. மர அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். சான்றிதழ்களைக் காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள்.

சென்னையை விட்டுக் கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை இரண்டு. கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, மாற்றல் வவுச்சர் வாங்குங்கள். புது ஊரில் இன்றைய விலைக்கு டெபாசிட் கட்ட வேண்டும், அதற்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கிவையுங்கள். அடுத்தது வண்டி. 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் ஓடினால் மறுபதிவு கட்டாயம். அதற்குப் படிவம் 28-ல் தடையின்மைச் சான்று வேண்டும். அதைத் தருவது வண்டி பதிவான பழைய ஆர்டிஓதான். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். இதைத் தள்ளிப்போட்டவர்கள்தான் பிறகு லீவு போட்டுச் சென்னைக்கு அலைகிறார்கள். சாமான் ஏற்றிய லாரியின் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், நீங்கள் வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் 'ப' கன்னடத்தில் பெரும்பாலும் 'ஹ' ஆகும்: பால் ஹாலு, பூ ஹூவு, பத்து ஹத்து, பாகற்காய் ஹாகலகாய். 'வ' பல இடங்களில் 'ப' (ba ஒலி) ஆகும்: வெல்லம் பெல்லா, வெண்ணெய் பெண்ணெ, வேண்டும் பேக்கு. இந்த இரண்டும் பிடிபட்டால் காய்கறிக் கடையில் பாதிப் பேச்சு புரிந்துவிடும். மரியாதைக்கு 'கொடு' அல்ல, 'கொடி'. 'பா' அல்ல, 'பன்னி'. யாராவது வாசலில் நின்று 'பன்னி' என்றால் 'வாங்க' என்று அர்த்தம். மகனுக்கு இதை முன்பே சொல்லிவையுங்கள், முகம் சுளித்துவிடப்போகிறான்! 'சாக்கு' என்றால் 'போதும்'. சந்தையில் ஒன்றுமே புரியாத பேச்சு காதில் விழுந்தால் அது கொங்கணியாகவோ ஹவ்யகர்கள் என்ற அந்தப் பகுதிப் பிராமணச் சமூகத்தின் வீட்டுக் கன்னடமாகவோ இருக்கலாம், மனம் தளராதீர்கள்.

பள்ளியில் கன்னடத்தை முதல் அல்லது இரண்டாம் மொழியாகப் படிக்க வேண்டும் என்பது 2015-ல் வந்த சட்டம். நடுவில் சேரும் பிள்ளைக்கு எந்த நிலைப் பாடம், தேர்வில் சலுகை உண்டா என்பதைச் சேர்க்கை நாளிலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இப்போதிலிருந்தே தினம் ஐந்து எழுத்து எழுதட்டும்.

பழக்கம் பிடிக்க ஒரே மளிகைக் கடை, ஒரே பால்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஊட்டா ஆய்தா?' என்று அவர்கள் கேட்பது நம் 'சாப்டாச்சா?'தான். 'ஆய்து' என்று சொல்லி, 'நிம்து?' என்று திருப்பிக் கேளுங்கள். கிளம்பும்போது 'பர்த்தீனி' என்றால் போதும்; அவர்களும் நம்மைப் போலவே 'போறேன்' என்று சொல்லாமல் 'வர்றேன்' என்றுதான் விடைபெறுவார்கள்.