கேட்டால் சொல்வோம்: செம்பனை ஓடையைக் குடித்துவிட்டதா?

கேள்வி: பால்மரம் (ரப்பர்) இருந்த காலத்தில் தை மாதத்திலும் எங்கள் தோட்டத்து ஓடை ஓடியதாகத் தாத்தா சொல்கிறார். செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்த பிறகு வற்றிவிடுகிறது. செம்பனை அவ்வளவு தண்ணீரா குடிக்கும்?
– வாசகி, பஹாவ்

பதில்: கணக்குப் போட்டுவிடலாம். ஈரமுள்ள மண்ணில் வளர்ந்த செம்பனைத் தோட்டம் நாளுக்கு ஏறத்தாழ 4 மி.மீ. நீரை ஆவியாக்கும். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. என்றால் 10,000 லிட்டர். ஹெக்டேருக்கு 140 மரம் என்று வைத்தால், மண்ணும் புல்லும் விடுவதையும் சேர்த்து, மரத்துக்கு 285 லிட்டர். பெரிதாகத் தெரிந்தாலும் அடர்ந்த காடும் கிட்டத்தட்ட இவ்வளவு ஆவியாக்கும்.

ஆனால் தாத்தா சொல்வதிலும் நியாயம் உண்டு. பால்மரம் ஆண்டுத் தொடக்கத்தில் இலை கொட்டும், அப்போது நீர் எடுப்பதும் குறையும். உங்கள் பக்கத்தில் மழை குறையும் மாதங்களும் அவைதான். செம்பனைக்கு அந்த ஓய்வு கிடையாது. பக்கத்து ஜெலெபுவின் ஆண்டு மழையே சுமார் 1,650 மி.மீ. நாளுக்கு 4 மி.மீ. வீதம் ஆண்டுக்கு 1,460 மி.மீ. போனால் ஓடைக்கு மிஞ்சுவது சொற்பம்.

இருந்தாலும் மரத்தைவிட மண்ணின் மேல்தான் எங்களுக்குச் சந்தேகம் அதிகம். குலை ஏற்றும் மினி டிராக்டர் ஒரே தடத்தில் போய்ப்போய் அறுவடைப் பாதை இறுகிவிடும். மழை உள்ளே இறங்காமல் ஓடைக்குப் பாயும். அன்றைக்கு வெள்ளம், அடுத்த மாதம் வறட்சி. வெட்டிய ஓலையைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்குங்கள். சரிவோடு நெடுக்காக அடுக்கினால் அதுவே வாய்க்காலாகிவிடும். களைக்கொல்லி மருந்தை மரத்தைச் சுற்றிய வட்டத்திலும் பாதையிலும் மட்டும் அடியுங்கள். நிரைகளுக்கு இடையிலுள்ள பெரணியையும் மென்புல்லையும் விட்டுவிடலாம். மறுநடவின்போது மண்ணை மூடிப் படரும் முக்குனா கொடியை முதலிலேயே பரப்புங்கள். வெறும் மண் மழையில் கிடக்கும் அந்த மாதங்களில்தான் சேதம் அதிகம்.

கேள்வி: மண் இறுகியிருக்கிறதா என்று நாமே பார்க்க முடியுமா?
– அதே வாசகி

பதில்: 15 செ.மீ. வாயுள்ள பால்மாவு டின் ஒன்றின் இரு முனைகளையும் வெட்டுங்கள். மேலே பலகை வைத்துத் தட்டி, 7 செ.மீ. மண்ணில் இறக்குங்கள். உள்விளிம்பை விரலால் அழுத்துங்கள், இல்லாவிட்டால் நீர் ஓரமாக நழுவிவிடும். உள்ளே பிளாஸ்டிக் தாள் விரித்து, 450 மி.லி. ஊற்றித் தாளை மெல்ல உருவுங்கள். இது 25 மி.மீ. மழைக்குச் சமம். முதல் ஊற்று மண்ணை நனைக்கத்தான், கணக்கில் சேராது. அது வடிந்ததும் இன்னொரு 450 மி.லி. ஊற்றி நேரம் பாருங்கள்.

25 நிமிடத்துக்கு மேல் ஆனால், மணிக்கு 60 மி.மீ. பெய்யும் மிகக் கனத்த மழையை அந்த இடம் தாங்காது. பாதையில் மூன்று இடம், ஓலை அடுக்கை விலக்கி மூன்று இடம் பாருங்கள். ஓரிடத்தை மட்டும் நம்பினால் கறையான் துளைகூட ஏமாற்றிவிடும்.

கேள்வி: ஒரு கிலோ கோழிக்கு 4,300 லிட்டர் தண்ணீர் என்று படித்தேன். கோழி எங்கே அவ்வளவு குடிக்கிறது?
– வாசகர், ரொம்பின்

பதில்: கோழி குடிப்பது சில லிட்டர்தான். மற்றதெல்லாம் தீவனத்துக்கு. ‘நீர்த்தடம்’ என்ற இந்தக் கணக்கை 2002-இல் முன்வைத்தவர் நெதர்லாந்தின் ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா. உலகச் சராசரியான அந்த 4,300-இல் சுமார் 3,500 லிட்டர் ‘பச்சை நீர்’, அதாவது பயிர் நின்ற மண்ணிலேயே பெய்த மழை. ஆற்றிலும் நிலத்தடியிலும் எடுத்த ‘நீல நீர்’ 300 லிட்டரை ஒட்டித்தான். மிச்சம், கழிவை நீர்க்கச் செய்யத் தேவைப்படும் ‘சாம்பல் நீர்’. நம் கோழித் தீவனச் சோளம் பெரும்பாலும் அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து வருவதால், அது பெரும்பாலும் அந்த ஊர் மழை.

லிட்டர் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள், எந்த ஊர் நீர் என்று கேளுங்கள். எங்களைக் கேட்டால், பிரியாணிக்கு வாங்கும் ஹரியானா பாசுமதிதான் கூடுதல் கவலை. அது பெரும்பாலும் மோட்டார் போட்டு இறைத்த நிலத்தடி நீர். 2002-இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள், பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் வட்டாரத்தில் நிலத்தடி நீர் குறைவதை விண்ணிலிருந்தே அளந்தன.

கேள்வி: மரங்களை அழித்துப் பயிர் வைத்தால் மழை குறையுமா?
– மாணவர், பஹாவ்

பதில்: இடத்தைப் பொறுத்தது. உலகில் நிலத்தின் மேல் பெய்யும் மழையில் சுமார் 40 விழுக்காடு நிலத்திலிருந்தே ஆவியானது. அமேசான் காடு விடும் ஈரம் காற்றோடு தெற்கே போய், அர்ஜென்டினா வரை பரந்த லா பிளாட்டா ஆற்றுப் படுகையில் மழையாகிறது. அங்கே காடு குறைந்தால் தெற்கேயுள்ள சோளக்காட்டுக்கும் அடி விழும். நம் மலேசியத் தீபகற்பத்துக்கு இரு பக்கமும் கடல். பருவக்காற்று கொண்டுவரும் ஈரம் பெரும்பாலும் கடலுடையது என்பதால், இங்கே காட்டை அழித்தால் மழையின் அளவைவிட ஓடையின் போக்குதான் முதலில் மாறும்.