தகடூரும் வேடியப்பனும்

அன்புள்ள ஐயா,

நான் பாலக்கோட்டை அடுத்த ஒரு கிராமத்தைச் சேர்ந்தவன்; பெங்களூரில் பணியாற்றுகிறேன். தருமபுரியை நுளம்பர்கள் ஆண்டார்கள், அங்கே கன்னடக் கல்வெட்டுகள் உள்ளன, ஆகவே அது பழைய கன்னட நாடு என்று உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் சொன்னார். அதியமான், ஔவையார், நெல்லிக்கனி என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தகடூர் என்பது நம் தருமபுரிதானா? அது உண்மையில் யாருடையது? ஔவையார் ஒருவரா, பலரா? தஞ்சையைப் போல, மதுரையைப் போலப் பிள்ளைகளுக்குக் காட்ட நம் பக்கம் ஒன்றுமே இல்லையே என்ற வருத்தமும் உண்டு. அதியமானின் கோட்டைகூட மிஞ்சவில்லை. ஊரோடு எனக்குள்ள தொடர்பெல்லாம், ஏரிக்கரை வேடியப்பன் கோயிலுக்கு டைல்ஸ் பதிக்கவும் சாமிக்குப் பெயிண்ட் அடிக்கவும் கேட்டபோது பணம் அனுப்பியதுதான்.

மாதேஷ்

அன்புள்ள மாதேஷ்,

போகிற போக்கில் நீங்கள் எழுதிய கடைசி வரிக்காகவே இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். நெடுநாளாக மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் அது. அதற்குமுன் உங்கள் கேள்விகளை முடித்துவிடுகிறேன்.

அதியமானைப் பாடிய ஔவையாரும் ஆத்திசூடி பாடிய ஔவையாரும் வெவ்வேறு காலத்தவர்கள். இதைத் தமிழிலக்கிய வரலாறு எதைப் புரட்டினாலும் அறியலாம், எனக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. தகடூர் தருமபுரிதான். அங்குள்ள கோட்டைக் கோயிலின் கல்வெட்டுகளே அந்தப் பெயரைச் சொல்கின்றன.

யாருடையது என்று கேட்கிறீர்கள். அதியமானுடையதாக இருந்தது, சேர அரசன் பெருஞ்சேரல் இரும்பொறை அதை வென்று ‘தகடூர் எறிந்த’ என்ற அடையைத் தன் பெயருக்கு முன்னால் சூட்டிக்கொண்டான், பிறகு பல்லவர், நுளம்பர், சோழர், ஒய்சளர், விசயநகரத்தார், மைசூரார் என்று கைமாறி, 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் என்றழைக்கப்பட்ட இந்தப் பகுதி முழுவதும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் போய்ச் சேர்ந்தது, அவர்கள் சார்பில் வந்த அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் உழுகிறவனிடமே நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் அடித்தளமிட்டார்கள். இத்தனை பேர் ஆண்ட ஊருக்கு ஒற்றைப் பட்டா தேடுவது என்ன புத்தி?

உங்கள் நண்பர் சொன்ன செய்தி சரியானது, அவர் எடுத்த முடிவுதான் தவறு. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், நுளம்ப அரசன் மகேந்திரன் காலத்தில், தகடூரில் எழுந்த சமணப் பள்ளிக்கு ஊர் ஒன்று கொடையளிக்கப்பட்ட செய்தி கன்னடத்தில்தான் பொறிக்கப்பட்டது. 13ஆம் நூற்றாண்டில், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணியிலிருந்து ஆண்ட ஒய்சள ராமநாதனோ கோலாரிலும் பெங்களூரைச் சுற்றியும் தமிழில் கல்வெட்டுகளை வெட்டிவைத்தான். அவற்றைக் காட்டி நீங்கள் பெங்களூரைக் கேட்பீர்களா?

காட்ட ஒன்றுமில்லை என்று நீங்கள் எழுதியதுதான் எனக்குக் கோபமூட்டியது. மல்லச்சந்திரத்துப் பாறையில் ஏறி, பலகைக் கற்களால் எழுப்பிய பழங்கால ஈமச்சின்னங்களான கற்திட்டைகளைப் பார்த்திருக்கிறீர்களா? பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் தோண்டியெடுத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டபோது நாளிதழைப் புரட்டினீர்களா? தருமபுரிக் காமாட்சியம்மன் கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி இராமாயணம் சிறுசிறு சிற்பங்களாக ஓடுவதைக் குனிந்து பார்த்ததுண்டா? ‘அதியமான் பெருவழி’ என்று பொறித்த, தொலைவு காட்டும் காதக்கல் ஒன்றில் நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று எழுதியிருப்பதோடு, எழுத்தறியாத வழிப்போக்கனுக்காக இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. எருது பூட்டி உப்பு மூட்டையோடு வந்தவனும் தடவிப் பார்த்துத் தொலைவைத் தெரிந்துகொண்ட ஊர் அது. கோபுரத்தின் உயரத்தை வைத்து ஊரை அளக்கிற பழக்கத்தை எங்கே கற்றீர்களோ தெரியவில்லை.

இனி வேடியப்பன். உங்கள் ஊர் ஏரிக்கரையில் நிற்பவர் யார் என்று என்றாவது கேட்டீர்களா? தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரண்டு மாவட்டங்களிலும் வேடியப்பன் என்று கும்பிடப்படுகிறவர்களில் பலர் நடுகல் வீரர்கள், அதாவது சண்டையில் இறந்து, நினைவாகக் கல் நடப்பட்டவர்கள். ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளுமாக, உடம்பில் அம்பு தைத்த நிலையில், காலருகே கெண்டியும் (மூக்குள்ள சிறு கலம்) சிமிழும் வைத்துச் செதுக்கப்பட்டவர்கள். பழைய கற்களில் தலைக்கு மேலே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து இருக்கும்: இன்ன பல்லவ அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்ன ஊர்த் தொறுவை (மாட்டு மந்தையை) இன்னார் கவர்ந்தபோது, அதை மீட்டுப் பட்ட இன்னான் கல். அரசன் அங்கே ஆண்டுக் கணக்குக்காக மட்டும் வருகிறான். கல் நிற்பது மாடு மீட்டவனுக்காக. பக்கத்துச் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல்லொன்றில், எருமைகளைக் காத்து இறந்த கருந்தேவகத்தியோடு, கள்ளனைக் கடித்துவிட்டுக் காத்து நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் பெயரும் உருவமும் உண்டு. பேரரசர்களின் புகழ்பாடும் மெய்க்கீர்த்திகளில் குடியானவனுக்குக் கிடைக்காத இடம் இங்கே ஒரு நாய்க்குக் கிடைத்திருக்கிறது.

அரூர்ப் பக்கம் என் தாய்மாமன் ஆடுமாடு வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர், வாய்த்துடுக்கு மிக்கவர். கிடா வெட்டும் நாளில் கள் வந்ததும், தான் வாய் வைக்கும் முன் ஒரு கொட்டாங்குச்சியில் கொஞ்சம் ஊற்றி வேடியப்பன் காலடியில் வைத்துவிட்டு, “எடுத்துக்கோ சாமி, அப்புறம் எனக்குத் தரலைன்னு மாட்டைக் காணாமப் பண்ணிடாதே” என்பார். பின்னாளில் கல்லூரியில் புறநானூறு நடத்திய ஆசிரியர் 232ஆம் பாடலைப் படித்தார். அதியமான் இறந்தபின் ஔவையார் பாடியது.

நடுகல் பீலி சூட்டி நாரரி
சிறுகலத்து உகுப்பவும் கொள்வன் கொல்லோ

மலைகளோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன், கல்லாகிவிட்ட பிறகு சிறு கலத்தில் ஊற்றுகிற இந்தக் கள்ளைக் கொள்வானோ என்று அழுகிறார். ஆசிரியர் இதை வழக்கொழிந்த பண்டைக்காலப் பழக்கம் என்று விளக்கிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனார். என் மாமன் அப்போது உயிரோடுதான் இருந்தார். அந்த ஆண்டும் ஊற்றினார்.

அந்தப் பாட்டை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். திருக்கோவலூருக்கு அருகே ஜம்பைக் குன்றில் ‘சதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ என்று தமிழ்ப் பிராமியில் தன் பெயரை விட்டுச் சென்றவன், அசோகனின் கல்வெட்டு தன் எல்லைக்கு அப்பால் உள்ளவராகக் குறிக்கும் சத்தியபுத்திரர் குடியில் வந்தவன், கடைசியில் ஔவையின் கண்ணுக்கு முன்னால் மாடு மீட்டுச் செத்தவனுக்கு நடுகிற அதே வகைக் கல்லாகத்தான் நின்றான். சூட்டிய மயிற்பீலியும் அதேதான், கள்ளும் அதேதான். கோட்டை மிஞ்சவில்லையே என்று நீங்கள் வருந்துகிறீர்கள். தகடூரில் பெருமைக்கு உரியவனுக்கு எழுப்பப்பட்டது கோட்டையன்று, இந்தக் கல். அதைத்தான் உங்கள் ஊரார் இன்றும் கும்பிடுகிறார்கள். நீங்கள் அதற்குப் பெயிண்ட் வாங்கக் காசு அனுப்பியிருக்கிறீர்கள்.

உங்களைத் திட்டுவதற்கு எனக்கு மனமில்லை. ஊரை மறந்தவன் பணம் அனுப்பமாட்டான். ஆனால் அந்தப் பணம் என்ன செய்யும் தெரியுமா? எனாமல் பெயிண்ட் மேலோட்டமாக வெட்டிய எழுத்துகளை அடைத்துவிடும். டைல்ஸ் பதிக்கக் கல்லைச் சுற்றிச் சிமெண்டு போட்டு உயர்த்தினால் கெண்டியும் சிமிழும், மீட்ட மாடுகள் செதுக்கப்பட்டிருந்தால் அவையும் தரைக்கடியில் போய்விடும். மூக்கும் மீசையும் வரைந்து முடித்தபின் அது எந்த நூற்றாண்டுக் கல் என்று தொல்லியல் அறிஞராலும் சொல்ல முடியாது. கும்பிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. கும்பிட்டதனால்தான் அந்தக் கல் இத்தனை காலம் நின்றது. கும்பிடாமல் விட்ட கற்கள் சாலைக்கும் வரப்புக்கும் குவாரிக்கும் போயின. தருமபுரி அகழ்வைப்பகத்தில் (தொல்லியல் அருங்காட்சியகத்தில்) வரிசையாக நிற்கும் நடுகற்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், நன்று. ஆனால் எந்த ஏரிக்கரையில், எந்த மேய்ச்சல் நிலத்தைப் பார்த்து நட்டார்களோ அங்கேயே நிற்கிற கல் சொல்வதில் பாதியைத்தான் அகழ்வைப்பகத்தில் நிற்கிற கல் சொல்லும்.

பெயிண்ட் வேலையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். வெயிலுக்கும் மழைக்கும் மேலே ஒரு கொட்டகை போதும். அதற்குத் தாராளமாகக் கொடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குகிறேன் என்று யாரும் கம்பி பிரஷ்ஷோ ஆசிடோ கொண்டுவர விடாதீர்கள். காலை ஏழு மணி வெயிலில், ஒளி பக்கவாட்டிலிருந்து கல்லில் விழும் நேரத்தில் படமெடுங்கள். உச்சிவெயிலில் தெரியாத எழுத்து அப்போது தெரியும். படத்தை மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்கு அனுப்புங்கள், எனக்கும் ஒன்று அனுப்புங்கள். எழுத்து தெளிவாக விழட்டும் என்று சாக்பீஸால் மட்டும் அதன்மேல் கோடு இழுக்காதீர்கள்; நீங்கள் ஊகித்து இழுத்த கோட்டைத்தான் அடுத்து வருகிறவர் கல்வெட்டு என்று வாசிப்பார்.

அன்புடன்.