டண்டீயின் தாம்சன் குடும்பம்: காமிக்ஸ் கேள்வி-பதில்

கே: பிரிட்டிஷ் சிறுவர் காமிக்ஸ் இதழ்களான 'டேண்டி', 'பீனோ' இரண்டுமே ஒரே குடும்பத்தின் வெளியீடுகள் என்று படித்தேன். யார் அந்தக் குடும்பம்?

ப: ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துத் தாம்சன் குடும்பம். ஊர் டண்டீ, இதழ் டேண்டி, குழப்பிக்கொள்ள வேண்டாம். கப்பல் தொழிலில் இருந்த வில்லியம் தாம்சன் 1880-களில் 'கூரியர்' என்ற உள்ளூர் நாளிதழைக் கைக்குக் கொண்டுவந்து, நிர்வாகத்தை மகன் டேவிட் கூப்பர் தாம்சனிடம் ஒப்படைத்தார். மகனின் பெயரில் டி.சி. தாம்சன் நிறுவனம் உருவானது 1905-ல். மறு ஆண்டே உள்ளூர்ப் போட்டியாளரான ஜான் லெங் நிறுவனத்தோடு கைகோத்தது. 1869-ல் பிறந்து இன்றும் வந்துகொண்டிருக்கும் 'பீப்பிள்ஸ் ஃபிரெண்ட்' வார இதழ் லெங் வழியாக வந்த சொத்துதான். டேவிட் 1954-ல், 93-வது வயதில் காலமானார். நிறுவனம் இன்னும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

அந்த ஊருக்குப் பிழைப்பு தந்தவை சணல், ஜாம், பத்திரிகை மூன்றும் என்பார்கள். ஆங்கிலத்தில் மூன்றுமே 'ஜே'யில் தொடங்கும். சணல் வந்தது நம் வங்காளத்திலிருந்து.

கே: செய்தித்தாள் நடத்தியவர்கள் காமிக்ஸுக்கு எப்படி வந்தார்கள்?

ப: படிப்படியாகத்தான். முதலில் சிறுவர்களுக்கான கதை இதழ்கள்: 'அட்வெஞ்சர்' 1921, 'ரோவர்', 'விசார்ட்' 1922, 'ஸ்கிப்பர்' 1930, 'ஹாட்ஸ்பர்' 1933. பக்கம் நிறையப் பொடி எழுத்து, படம் கொஞ்சம். 1936 மார்ச் 8 அன்று 'சண்டே போஸ்ட்' ஞாயிறு இதழோடு ஒரு சிரிப்புப் பகுதியை இணைத்தார்கள். அதில் வந்த 'ஊர் வுல்லி', 'தி புரூன்ஸ்' இரண்டும் ஸ்காட்லாந்துப் பேச்சுவழக்கிலேயே பேசின, வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் துணிச்சலில் 1937 டிசம்பர் 4 தேதியிட்டு 'டேண்டி', 1938 ஜூலை 30 தேதியிட்டு 'பீனோ', விலை ஆளுக்கு 2 பென்ஸ். அக்காலத்து பிரிட்டிஷ் காமிக்ஸில் படத்துக்குக் கீழே பத்தி பத்தியாக வசனம் அச்சாகும். இவர்கள் நகைச்சுவைக் கட்டங்களில் வசனத்தைப் பேச்சு பலூனுக்குள் தள்ளினார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குக்கூட எட்டியதற்கு அது பெரிய காரணம்.

கே: இரும்புக்கை மாயாவியும் இவர்கள் படைப்புதானா?

ப: இல்லை. அது லண்டன் ஃப்ளீட்வே நிறுவனத்தின் 'வேலியன்ட்' இதழில் 1962-ல் தொடங்கிய தொடர். சிவகாசி முத்து காமிக்ஸ் 1972-ல் தமிழுக்குக் கொண்டுவந்தது. இரண்டுமே பிரிட்டிஷ் காமிக்ஸ் என்பதால் பலரும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் ஃப்ளீட்வே, தாம்சனின் நேரடிப் போட்டியாளர்.

கே: பழைய பீனோ இதழ்களில் ஓவியர் பெயரே காணோமே?

ப: போட விடமாட்டார்கள். கதையை உருவாக்கியவர் யார், வரைந்தவர் யார் என்பது வாசகருக்குத் தெரியத் தேவையில்லை என்பது வீட்டு விதி. ஓவியர் புகழ் பெற்றால் கூலி கேட்பார், போட்டி நிறுவனம் கொத்திக்கொண்டு போகும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். 1926 பொது வேலைநிறுத்தத்துக்குப் பிறகு தொழிற்சங்கத்தையே வாசலுக்கு வெளியே நிறுத்திய நிறுவனம் வேறெப்படி நடந்துகொள்ளும்? அரிய விலக்காக, ஓவியர் டட்லி வாட்கின்ஸுக்கு 1946-லிருந்து கையெழுத்திட அனுமதி கிடைத்தது. 'டெஸ்பரேட் டேன்', 'ஊர் வுல்லி', 'புரூன்ஸ்' எல்லாம் அவர் கைவண்ணம். ஆகவே அவர் படத்தில் கையெழுத்து இருந்தால் அது 1946-க்கு முந்தைய பக்கமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இந்த விதியின் கசப்பான விளைவு லியோ பாக்ஸன்டேல் விவகாரம். 1953-ல் 'மின்னி தி மிங்ஸ்', 1954-ல் பின்னாளில் 'பாஷ் ஸ்ட்ரீட் கிட்ஸ்' ஆன வகுப்பறைத் தொடர் ஆகியவற்றை உருவாக்கியவர். 1962-ல் விலகினார். பிற்காலத்தில் உரிமை கோரி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். ஏழு ஆண்டு இழுத்து, 1987-ல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது.

கே: என்னிடம் உள்ள 1940-களின் பீனோ இதழ்களில் வாரம் விட்டு வாரம் காணவில்லை. தொகுப்பு உடைந்ததா?

ப: உடையவில்லை. போர்க்காலத் தாள் பங்கீட்டால் 1941 முதல் 1949 வரை டேண்டி ஒரு வாரம், பீனோ மறு வாரம் என மாறி மாறித்தான் வந்தன. தேதியைப் பார்க்காதீர்கள், இதழ் எண்ணைப் பாருங்கள். எண் ஒன்றொன்றாகக் கூடி, தேதி 14 நாள் தாண்டினால் தொகுப்பு முழுமை.

இதழ் எண்ணிலிருந்து தேதி கண்டுபிடிக்கும் கணக்கும் இங்கேதான் சறுக்கும். தொடக்க ஆண்டுகளுக்கு வழி எளிது: எண்ணில் 1 கழித்து 7-ஆல் பெருக்கி, 1938 ஜூலை 30-உடன் கூட்டுங்கள். 100-வது இதழுக்கு 693 நாள். 1940 ஜூன் 22, சனிக்கிழமை. போருக்குப் பிந்தைய இதழுக்கு இதே கணக்கைப் போட்டால் உண்மையான தேதிக்கு ஆண்டுக்கணக்கில் முந்திய தேதி வந்து நிற்கும். வாரம் தவறாமல் வந்திருந்தால் 4,000-வது பீனோ 2015 மார்ச்சில் வந்திருக்க வேண்டும். வந்தது 2019 ஆகஸ்டில். இடைவெளியின் பெரும்பகுதி அந்த எட்டு ஆண்டுகள் தின்றது.

கே: தேதியே இல்லாத ஆண்டு மலர் ஒன்று கிடைத்திருக்கிறது. எந்த ஆண்டு என்று எப்படி அறிவது?

ப: நல்ல தலைவலி. டேண்டி, பீனோ மலர்களின் அட்டையில் 1966 மலர் முதல்தான் ஆண்டு அச்சாகிறது. ஆண்டு போடாவிட்டால், விற்காமல் தேங்கிய பிரதி மறு வருடம் பழசாகத் தெரியாது என்பது வியாபாரிக்கு வசதி. முதலில் தலைப்பைப் பாருங்கள். 'டேண்டி மான்ஸ்டர் காமிக்' என்றிருந்தால் 1950-களின் தொடக்கத்துக்குப் பிந்தியதாக இருக்க முடியாது. 'மேஜிக்-பீனோ புக்' என்றால் 1940-கள், மிஞ்சிப்போனால் 1950. 'மேஜிக்' இதழ் 1941-லேயே நின்றுவிட்டாலும் அதன் பெயர் மலரில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்து பாத்திரங்கள். பீனோவின் டென்னிஸ் தி மெனஸ் 1951 மார்ச்சில்தான் பிறந்தான். அவன் இருந்தால் மலர் அதற்குப் பிந்தியது. மின்னி இருந்தால் 1953-க்கும் பிந்தியது. பிறகு விலை. ஷில்லிங்-பென்ஸ் கணக்கில் இருந்தால் 1971 பிப்ரவரி 15-க்கு முந்தைய விலை. அன்றுதான் பிரிட்டன் பதின்ம நாணயத்துக்கு மாறியது.

முதல் பக்கத்தில் யாராவது மை பேனாவில் 'கிறிஸ்துமஸ் 1957' என்று எழுதியிருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் அதை 1957 மலர் என்று குறித்துவிடாதீர்கள். மலர் முந்தைய இலையுதிர் காலத்திலேயே கடைக்கு வந்துவிடும்; எனவே அது 1958-க்கான மலர்.

முதல் இதழ் என்று யாராவது நீட்டினால் சந்தேகப்படுங்கள். டேண்டி, பீனோ முதல் இதழ்களின் மறுபதிப்புகள் நிறைய உலவுகின்றன. 80 வயது நியூஸ்பிரிண்ட் தாள் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுப்பேறியிருக்கும், ஸ்டேப்பிள் பின்னைச் சுற்றித் துருக்கறை இருக்கும். தாள் சீராக வெளுத்தோ சீராக மஞ்சளாகவோ இருந்தால் மறுபதிப்பு.

கே: அந்தப் பழுப்பை நிறுத்த முடியுமா?

ப: நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம். மரக்கூழில் உள்ள லிக்னின் வெளிச்சத்தாலும் காற்றாலும் சிதைந்து அமிலமாகிறது. இருட்டு, வறட்சி, மாறாத வெப்பநிலை மூன்றும் வேண்டும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை போடுங்கள். பிவிசி உறை நாளடைவில் பிசுபிசுத்து மையை உரித்தெடுக்கும். பின்னால் அமிலம் நீக்கிய அட்டை. செலோடேப் மட்டும் கூடவே கூடாது. பசை காய்ந்து தாளுக்குள் இறங்கிவிட்டால் எடுக்க வழியில்லை. துருப்பிடித்த பின்னைப் பிடுங்கி இழுக்காமல், நடுப்பக்கத்தில் கால்களை நிமிர்த்திப் பின்பக்கமாகத் தள்ளி எடுங்கள்.

கே: இப்போது என்னென்ன வருகின்றன?

ப: டேண்டியின் அச்சுப் பதிப்பு 75-வது பிறந்தநாளான 2012 டிசம்பர் 4 அன்று முடிந்தது. ஒரு காலத்தில் வாரம் 20 லட்சம் விற்றது, கடைசியில் 8,000-ஐக்கூட எட்டவில்லை. பீனோ வாரந்தோறும் வருகிறது. 1961-ல் தொடங்கிய 'கமாண்டோ' போர்க்கதைகளும் உண்டு: கைக்கடக்கமான அளவு, பக்கத்துக்குப் பெரும்பாலும் இரண்டே கட்டம், இரு வாரத்துக்கு நான்கு இதழ், அவற்றில் இரண்டு மறுபதிப்பு. இதழின் எண் புதிதாக இருந்தாலும் உள்ளே பழைய கதை இருக்கக்கூடும் என்பதால், வாங்குமுன் உள்பக்கத்தில் முதல் வெளியீட்டு விவரம் உண்டா என்று பாருங்கள்.