கம்ப்யூட்டர் கேள்வி பதில்: பேர்ல ஐ7 இருந்தா போதுமா?

கேள்வி: அண்ணா, விஸ்காம் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். 3டி சாஃப்ட்வேர் பிளெண்டரும் போட்டோஷாப்பும் தினமும் ஓடணும், நைட்டு ஃபிரண்ட்ஸோட வேலரண்ட் ஆடணும். வீட்ல 60,000 தர்றேன்னு சொல்லிட்டாங்க, மானிட்டர், கீபோர்டு எல்லாம் ஏற்கனவே இருக்கு. கடையில ஒரு கொட்டேஷன் குடுத்தாங்க: ஐ7 12700 பிராசஸர், எச்610 மதர்போர்டு, 8 ஜிபி ராம் ஒண்ணு, 512 ஜிபி எஸ்எஸ்டி, ஜிடி 730 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, நாலு ஆர்ஜிபி ஃபேன் வச்ச கேபினெட், அது கூடவே வர்ற 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் குடுக்குற பவர் சப்ளை). வாங்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வாங்காதீங்க தம்பி. உங்க காசுல பாதி அந்த ஐ7-க்கே போயிடுது, மிச்சம் இருக்குறதுல மத்த எல்லாத்தையும் ஒப்பேத்தியிருக்காங்க. 12700 நல்ல பிராசஸர்தான், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா ஜிடி 730-ங்கறது 2014-ல வந்த கார்டு, அப்பவே அது விலை கம்மியான கடைசி ரகம், புது கேமுக்கான டிரைவர் குடுக்குறதையும் 2021-லயே என்விடியா நிறுத்திட்டாங்க. பேர்ல 4 ஜிபின்னு இருக்குறதால பெரிய கார்டுன்னு நெனச்சிடாதீங்க, மெமரி எவ்ளோன்னு ஸ்டிக்கர்ல போட்டு விக்கிறது ரொம்ப காலமா நடக்குற வேலை. 12700-க்கு உள்ளயே இருக்குற யூஎச்டி 770 கிராபிக்ஸே அதுக்கு ஒண்ணும் இளைச்சது இல்ல, அப்ப அந்தக் கார்டுக்கு எதுக்கு தனியா காசு?

உங்க வேலைய வச்சு பாப்போம். போட்டோஷாப் பெருசா கார்ட கேக்காது, ராமும் பிராசஸரும் போதும். வேலரண்ட் ரொம்ப லைட்டான கேம், அதுவும் பிராசஸரைத்தான் நம்பி ஓடும். உங்க லிஸ்ட்ல கார்ட உண்மையிலேயே பிழியப்போறது பிளெண்டர் மட்டும்தான், அதுலயும் அதோட சைக்கிள்ஸ் எஞ்சின்ல ரெண்டர், அதாவது 3டி சீனை முழுப் படமா மாத்துற வேலை. சைக்கிள்ஸ்ல என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டுக்கு ஆப்டிக்ஸ்னு ஒரு வழி இருக்கு, கார்டுல ஒளி போற பாதையைக் கணக்குப் போடுற ரே டிரேசிங் கோரை நேரா பயன்படுத்திக்கும். ஏஎம்டி கார்டும் எச்ஐபிங்கற அதோட வழியில ஓடும், ஓடாதுன்னு சொல்லல, ஆனா அதே விலைக்கு ரெண்டர் வேகத்துல என்விடியாதான் முன்னாடி நிக்குது. கேம் மட்டும்னா ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒண்ண கண்ண மூடிட்டு வாங்குங்கன்னு சொல்லியிருப்பேன்.

அதனால அறுபதுல இருபத்தஞ்சு, இருபத்தாறு ஆயிரம் கார்டுக்குன்னு முதல்ல எடுத்து வச்சிடுங்க. ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி புதுசா வாரண்டியோட கிடைச்சா எடுத்துக்கலாம். இதுல கவனமா இருங்க, 3060-லயே 8 ஜிபின்னு இன்னொண்ணு இருக்கு, மெமரிக்குப் போற பாதையை (பஸ்) 192 பிட்ல இருந்து 128-க்கு குறைச்சிட்டாங்க, டப்பா பாக்க ஒரே மாதிரி இருக்கும். 12 ஜிபி கிடைக்கலைன்னா ஆர்டிஎக்ஸ் 5060 8 ஜிபி. சின்ன சீன்னா 5060தான் வேகம், மரம் செடி கொடி, 4கே டெக்ஸ்சர்னு சீன் பெருசாகும்போது 8 ஜிபி நெறஞ்சு மிச்சம் சிஸ்டம் ராமுக்கு வழிஞ்சிடும், அப்ப ரெண்டர் நொண்டும், அந்த எடத்துல 12 ஜிபி கை குடுக்கும். காலேஜ் பிராஜெக்ட்ல நீங்க எந்த மாதிரி சீன் போடுறீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்.

பிராசஸருக்கு ரைசன் 5 5600 போதும், ஆறு கோர், பன்னெண்டு த்ரெட், கூலர் டப்பாவுக்குள்ளயே வரும். இன்டெல்தான் வேணும்னா ஐ5 12400எஃப், ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, அன்னிக்கு கடையில எது விலை கம்மியோ அது. ஏஎம்டியோட புது சாக்கெட் ஏஎம்5-க்கு போனா பின்னாடி பிராசஸர் மாத்த வசதிதான், ஆனா போர்டும் டிடிஆர்5 ராமும் சேந்து உங்க பட்ஜெட்டைத் தாண்டிடும். ராம் விலை 2025 கடைசில இருந்து எகிறிக்கிட்டு இருக்கு, தயாரிக்கிறவங்க சரக்கெல்லாம் ஏஐ சர்வருக்கு போயிட்டு இருக்கு, ராம் தயாரிக்கிற மைக்ரான் 2025 டிசம்பர்ல தன்னோட க்ரூஷியல் பிராண்ட் சில்லறை வியாபாரத்தையே மூடப்போறதா சொல்லிட்டாங்க. அதனால இப்ப 8 ஜிபி ரெண்டு ஸ்டிக் போட்டு டூயல் சேனலா, அதாவது ரெண்டும் ஒரே நேரத்துல வேலை செய்யுற மாதிரி ஓட்டுங்க, ரைசன்னா நாலு ஸ்லாட் இருக்குற பி550 போர்டா பாத்து எடுத்தா விலை எறங்கும்போது இன்னும் ரெண்டு சொருகிக்கலாம். எச்610-ல பொதுவா ரெண்டே ஸ்லாட்தான். பி550 சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, 5060 மாதிரி கார்டுங்க எட்டு லேன்லதான் (டேட்டா போற பாதை) போர்டோட பேசும், ஏ520 போர்டுல வேகம் கம்மியான பழைய பிசிஐஇ 3.0 மட்டும் இருக்குறதால கொஞ்சம் வேகம் விட்டுப்போகும். 3060-க்கு பதினாறு லேன், அதுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது.

எஸ்எம்பிஎஸ் விஷயத்துலதான் எனக்கு கோவமே வருது. யானை வாங்கிட்டு அங்குசத்துக்கு கணக்கு பாக்குற மாதிரி எல்லாத்தையும் வாங்கிட்டு கடைசில கேபினெட்டோட ஓசில வர்றத மாட்டிடுறாங்க. அடுத்த தடவை கடைக்குப் போனா அந்த 450 வாட் டப்பாவோட சைடு ஸ்டிக்கரைப் படிங்க, 12 வோல்ட்னு போட்ட கட்டத்துல எத்தனை ஆம்பியர்னு இருக்கும். பிராசஸரும் கார்டும் குடிக்கிறது அந்த லைன்லதான். ஒழுங்கான 550 வாட்டுல அது 40-க்கு மேல இருக்கும், ஓசில வர்றதுல பல சமயம் அதுல பாதி கூட தேறாது. 80 பிளஸ் பிரான்ஸ்ங்கற திறன் சான்று போட்ட, அஞ்சு வருஷம் வாரண்டி தர்ற 550 வாட் ஒண்ணு தனியா வாங்குங்க. அதுக்காக ஆர்ஜிபி ஃபேன் நாலுல மூணு போனாலும் பரவாயில்ல, கேபினெட்டுக்கு முன்னாடி கண்ணாடி இல்லாம வலை இருந்தா போதும், காத்து போகட்டும்.

கேள்வி: சார், நானும் என் வீட்டுக்காரரும் சின்னதா கல்யாண ஸ்டுடியோ வச்சிருக்கோம். ஆல்பம் டிசைனும் வீடியோ எடிட்டிங்கும் ஒரே சிஸ்டத்துலதான். போன வருஷம் புது சோனி கேமரா வாங்கினோம், அதுல 10 பிட்ல எடுத்த வீடியோவை எடிட்டிங் சாஃப்ட்வேர் பிரீமியர்ல போட்டா டைம்லைன் விக்கி விக்கி ஓடுது. சிஸ்டத்துல ஐ5 12400எஃப், ஆர்டிஎக்ஸ் 3050, 16 ஜிபி ராம் இருக்கு. கார்ட மாத்தணுமா?
– வாசகி, மதுரை

பதில்: கார்டு சின்னதுங்கறதால இல்லீங்க, அந்த வீடியோ ஃபார்மேட்டை உடைச்சுப் படிக்கிற வசதியே அந்தக் கார்டுல கிடையாது. நீங்க எடுக்குறது 4:2:2 10 பிட், அதாவது கலர் விவரத்தை அதிகமா சேமிக்கிற ஃபார்மேட்டா இருக்கும், மெனுல பாருங்க. என்விடியால 30 சீரீஸ், 40 சீரீஸ் ரெண்டுமே 4:2:2-வை ஹார்டுவேர்ல டிகோட் பண்ணாது, 50 சீரீஸ்ல இருந்துதான் குடுத்திருக்காங்க. அதனால 4070 வாங்கி மாட்டினாலும் இதே விக்கல்தான்.

இன்டெல் பிராசஸருக்குள்ள இருக்குற கிராபிக்ஸ், 11-வது ஜெனரேஷன்ல இருந்தே எச்.265ங்கற வீடியோ சுருக்கு முறையில இருக்குற 4:2:2-வ சரளமா படிக்கும். உங்களோடதுல கடைசியா எஃப்னு ஒரு எழுத்து இருக்கு பாருங்க, அப்படின்னா உள்ள கிராபிக்ஸ் இல்லாத மாடல்னு அர்த்தம். கொஞ்சம் காசு மிச்சம் பண்றேன்னு அசெம்பிள் பண்ணவர் எஃப் போட்டுட்டார், கேம் ஆடுறவங்களுக்கு அது சரியான முடிவு, உங்களுக்கு இல்ல. இருக்குற போர்டுலயே சாதா 12400 மாட்டிக்கலாம், பழசை நல்ல விலைக்கு எடுத்துக்குவாங்க. மாட்டினதும் பயாஸ்ல (கம்ப்யூட்டர் தொடங்கும்போது போற போர்டோட செட்டிங்ஸ்) ஐஜிபியு மல்டி மானிட்டர்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை ஆன் பண்ணலைன்னா தனிக் கார்டு இருக்குறப்போ உள்ள இருக்குறது தூங்கிடும். ஆன் பண்ணி இன்டெல் டிரைவரும் போட்டுட்டு பிரீமியர் செட்டிங்ஸ்ல டிகோடிங் பக்கம் போயி இன்டெல்லுக்கு டிக் போடுங்க. இன்னொண்ணு, கேமராவுல எக்ஸ்ஏவிசி எச்எஸ்னு வச்சு எடுங்க, அதுதான் எச்.265. எக்ஸ்ஏவிசி எஸ் வச்சா அது எச்.264, அதோட 4:2:2-வை 12400 படிக்காது. ஏற்கனவே எடுத்து வச்ச கல்யாணத்துக்கெல்லாம் பிராக்ஸி (லைட்டான நகல்) போட்டு எடிட் பண்றதுதான் இப்போதைக்கு வழி.

ஆல்பத்துக்கு ராம்தான் முக்கியம். 12க்கு 36 இஞ்ச் ஷீட் ஒண்ணு 300 டிபிஐல 10,800க்கு 3,600 பிக்சல், முழு ஷீட்டையும் மூடுற லேயர் ஒண்ணுக்கே நூறு எம்பிக்கு மேல தின்னும், பதினஞ்சு இருபது லேயரோட நாலு ஷீட்டை தொறந்து வச்சுக்கிட்டு பக்கத்துல பிரீமியரும் ஓடினா 16 ஜிபி எப்படிப் பத்தும். 32 ஆக்குங்க, விலை வலிக்கும்தான், ஆனா இந்த சிஸ்டம் உங்களுக்கு சம்பாதிச்சுக் குடுக்குது.

கேள்வி: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாமா? கிரிப்டோ மைனிங்ல ஓடினதா இருந்தா எப்படி கண்டுபிடிக்கிறது?
– வாசகர், தாம்பரம்

பதில்: மைனிங்ல ஓடுச்சான்னு அடிச்சு சொல்ல வழியில்ல. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்திரியம்ங்கற கிரிப்டோ காயின் மைனிங்கே இல்லாத முறைக்கு மாறினதும் அதுல ஓடிட்டு இருந்த கார்டெல்லாம் மூட்டை மூட்டையா மார்க்கெட்டுக்கு வந்துச்சு, அதனால அந்த காலத்து கார்டு எதுவா இருந்தாலும் ஓடியிருக்கும்னே வச்சுக்கிட்டு விலை பேசுங்க. மைனிங் கார்டுன்னாலே செத்ததுன்னும் அர்த்தம் இல்ல. ஃபேனை விரலால சுத்திப் பாருங்க, ஆடுதான்னு. கடையிலயே மாட்டச் சொல்லி கார்டை முழுசா வேலை வாங்கிச் சோதிக்கிற ஃபர்மார்க்கை ஒரு இருவது நிமிஷம் ஓடவிட்டு திரையில புள்ளி, கோடு ஏதாவது வருதான்னு கூடவே நில்லுங்க, அதுக்கு ஒத்துக்காத கடையில வாங்காதீங்க.

மைனிங்கை விட போலிக்குத்தான் பயப்படணும். பத்து வருஷத்துக்கும் முந்தின ஜிடிஎஸ் 450, 550 டிஐ சிப்புல பயாஸை மாத்தி எழுதி 1050 டிஐன்னு விக்கிறாங்க. பென்டிரைவ்ல கார்டோட விவரம் காட்டுற ஜிபியு-இசட் சாஃப்ட்வேரைக் கொண்டு போங்க, அந்த மாதிரி கார்டுன்னா பேருக்கு முன்னாடியே ஃபேக்னு போட்டுக் காட்டும். அதுக்கு முன்னாடியே பின்பக்கம் பாத்தா பாதி தெரிஞ்சிடும், 1050 டிஐ சிப்புல விஜிஏ சிக்னலே கிடையாது, நீலக் கலர் விஜிஏ போர்ட் இருந்தா சந்தேகப்படுங்க. ஆர்எக்ஸ் 580-லயும் ரெண்டு உண்டு, முழுசுன்னா ஷேடர் (கணக்குப் போடுற யூனிட்) 2304, குறைச்சதுன்னா 2048, அதையும் ஜிபியு-இசட் காட்டும்.

கேள்வி: ஆன்லைன்ல ஐ7, 16 ஜிபி ராம், கேமிங் பிசி 15,000 ரூபாய்னு போட்டிருக்காங்க. எப்படி இவ்ளோ கம்மி?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: எத்தனாவது ஜெனரேஷன்னு கேளுங்க. பெரும்பாலும் 2011-ல வந்த ஐ7 2600 இல்லன்னா அடுத்த வருஷத்து 3770, அதை பேர் தெரியாத புது எச்61 போர்டுல மாட்டியிருப்பாங்க. போர்டு புதுசு, பிராசஸர் எங்கயோ ஆபீஸ்ல இருந்து கழட்டினது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல 8-வது ஜெனரேஷனாவது வேணும், விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. வேலரண்ட் விண்டோஸ் 11-ல டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதி இல்லாம தொறக்கவே தொறக்காது. இன்னிக்கு ஐ3 12100 அந்த ஐ7 ரெண்டையும் சாதாரணமா தாண்டிடும். டேலி, பில்லிங் மட்டும்தான்னா கூட யோசிச்சு வாங்குங்க.

கேள்வி: பிளஸ் டூ முடிச்ச பையன் படிப்புக்குன்னு சொல்லி 80,000-க்கு கேமிங் கம்ப்யூட்டர் கேக்குறான். படிப்புக்கு அவ்ளோ வேணுமா தம்பி?
– ஒரு அம்மா, விருதுநகர்

பதில்: என்ன கோர்ஸ்னு நீங்க எழுதலையேம்மா. கோடிங், பி.காம்னா வேணாம். ரைசன் 5 5600ஜி, 8 ஜிபி ரெண்டு, நல்ல எஸ்எம்பிஎஸ், கார்டு இல்லாம எடுத்துக் குடுங்க, உள்ள இருக்குற கிராபிக்ஸ்லயே அவன் கொஞ்சம் ஆடிக்குவான். அனிமேஷன், ஆர்க்கிடெக்ச்சர்னா அவன் கேக்குறது நியாயம்தான், அப்பவும் முதல் செமஸ்டர் முடியட்டும், காலேஜ்ல என்ன சாஃப்ட்வேர்னு தெரிஞ்சதும் கார்டு சேத்துக்கலாம். எங்க வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லுல ஒவ்வொரு பாகத்தோட சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்க, வாரண்டிக்குப் போறப்போ அதைத்தான் கேப்பாங்க.

கேள்வி: கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறுறப்போ சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகுது. 600 விஏ யூபிஎஸ் வச்சும் கேம் ஆடும்போது மட்டும் அணைஞ்சிடுது.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: 600 விஏன்னா கிட்டத்தட்ட 360 வாட். கார்டு, பிராசஸர், மானிட்டர் எல்லாம் கேம்ல முழுசா இழுக்கும்போது அந்த அளவை தொட்டுடும், சும்மா பிரவுசிங்ல தொடாது, அதான் கேம்ல மட்டும் சாகுது. பேட்டரி பழசுன்னா அதுக்கு முன்னாடியே மண்டையப் போடும். 1000 விஏவுக்கு மேல போங்க. அதுக்கு முன்னாடி செலவில்லாம ஒண்ணு பண்ணிப் பாருங்க, நெறைய வீட்டு இன்வெர்ட்டர்ல ஈகோ, யூபிஎஸ்னு ஒரு சுவிட்ச் இருக்கும், ஈகோல இருந்தா மாறுறதுக்கு நேரம் ஜாஸ்தி எடுக்கும். யூபிஎஸ் பக்கம் தள்ளிட்டு மெயினை ஒருதடவை ஆஃப் பண்ணிப் பாருங்க.

கேள்வி: புதுசா 4060 மாட்டியும் கேம் முன்ன மாதிரியேதான் ஓடுது. கார்டு டூப்ளிகேட்டா?
– வாசகர், கடலூர்

பதில்: மானிட்டர் கேபிள் எங்க சொருகியிருக்குன்னு பாருங்க. மேல போர்டோட எச்டிஎம்ஐல இருந்தா கழட்டி கீழ கார்டுல மாட்டுங்க. அதுக்கப்புறமும் அப்படியேன்னா பயாஸ்ல, ராமை அதோட முழு வேகத்துல ஓட்டுற எக்ஸ்எம்பி ஆன்ல இருக்கான்னு பாத்துட்டு எழுதுங்க, 3200 ராமை வாங்கி 2133-லயே ஓட்டிட்டு இருக்குறவங்க நெறைய பேரு.