ரொட்டி வீடா, ராஜா வீடா?

அன்புள்ள சார்,

அலுவலக வேலையாக மூன்று மாதம் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறேன். ஒரு மாதம் ஓடிவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஊர் மனதில் ஒட்டவில்லை. பாரிஸில் இருக்கும் ஒழுங்கு இங்கே இல்லை. நூறு வருடப் பழைய வீட்டை ஒட்டி கண்ணாடிப் பெட்டி மாதிரி ஓர் அலுவலகம். தெருவுக்குத் தெரு இரண்டு பெயர். பிரெஞ்சா டச்சா என்ற குழப்பத்தில் கடைகளில் ஆங்கிலத்திலேயே சமாளிக்கிறேன். நீங்கள் இங்கே வந்திருந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். மீதி இரண்டு மாதத்தில் எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எனக்கு எதற்குக் கோபம்? உள்ளூர்க்காரர்கள் உங்களைவிட மோசமாகத் திட்டுவார்கள். பழைய கட்டடங்களை யோசனையில்லாமல் இடித்து அலுவலகம் எழுப்புவதற்கு 'பிரஸ்ஸல்ஸாக்கம்' என்றே நகரத் திட்டமிடலில் ஒரு சொல் உண்டு. கட்டடக் கலைஞர் விக்டர் ஓர்த்தா தொழிலாளர் கட்சிக்காகக் கட்டிய மக்கள் இல்லம் 1899-இல் திறக்கப்பட்டது. இரும்பும் கண்ணாடியுமாக அப்படி ஒரு கட்டடம். 1965-இல் இடித்துத் தள்ளிவிட்டு அலுவலகக் கோபுரம் ஒன்றை நிறுத்தினார்கள். உங்கள் எரிச்சலுக்கு வயது அறுபது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த இரண்டு பெயர் விஷயத்தைத் தொல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். நானாக இருந்தால் அங்கிருந்துதான் தொடங்குவேன். கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தில் நகர மண்டபத்துக்கு நேரெதிரே நிற்கும் கட்டடத்தைப் பாருங்கள். பிரெஞ்சில் அதற்கு 'ராஜா வீடு' என்று பெயர். டச்சில் 'ரொட்டி வீடு'. இதில் எது எதன் மொழிபெயர்ப்பு? இரண்டும் இல்லை. இடைக்காலத்தில் அங்கே ரொட்டிச் சந்தை இருந்தது. பிறகு இந்த வட்டாரத்தை ஆண்ட பிராபன்ட் கோமகனின் அலுவலகங்கள் வந்தன. கோமகன் பட்டம் ஸ்பெயின் ராஜாவிடம் போனதும் கட்டடமும் ராஜாவுடையது ஆகிவிட்டது. ராஜா யாரும் அங்கே குடியிருந்ததில்லை. இப்போது நிற்பதோ 19ஆம் நூற்றாண்டில் புதிதாகக் கட்டியது. ஆனாலும் ஒரு மொழி ரொட்டியை மறக்கவில்லை, இன்னொன்று ராஜாவை.

ஊரே அப்படித்தான். ஒரு காலத்தில் டச்சு வட்டார வழக்கு பேசிய நகரம். 1830-இல் பெல்ஜியம் தனி நாடானபின் அரசாங்கமும் முன்னேற்றமும் பிரெஞ்சு பேச, பிள்ளைகளும் பிரெஞ்சுக்கு மாறினார்கள். இன்று 19 நகராட்சிகள் சேர்ந்த தலைநகர வட்டாரம் முழுக்கச் சட்டப்படி இருமொழி. கடையில் 'போன்ஷூர்' சொல்லித் தொடங்குங்கள், அப்புறம் ஆங்கிலத்துக்குப் போனால் பாவமில்லை.

கட்டடங்களில் எனக்குப் பிடித்தது, சென் ஜில் நகராட்சியில் ஓர்த்தா தனக்கென்று கட்டிக்கொண்ட வீடு. இப்போது அருங்காட்சியகம். வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த வீடு எதுவும் தராது. பிரஸ்ஸல்ஸ் மனைகள் குறுகல். ஆறு மீட்டர் முகப்பு, உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறைகள், நடு அறை எப்போதும் இருட்டு. டாசெல் என்பவருக்காக 1893-இல் முடித்த வீட்டில் ஓர்த்தா அந்த நடுப்பகுதியைத்தான் திறந்துவிட்டார். மாடிப்படியை அங்கே வைத்து மேலே கண்ணாடிக் கூரை போட்டார். சென் ஜில் வீட்டிலும் அதே வித்தை. ஏற ஏற வெளிச்சம் கூடிக்கொண்டே வரும். சுவரின் நிறம்கூட வெளுத்துக்கொண்டே போவதுபோல் தோன்றும். நான் கூட்டத்தை முன்னே விட்டுவிட்டு அந்தப் படியில் இரண்டு தடவை ஏறி இறங்கினேன். காவலர் ஒரு மாதிரி பார்த்தார்.

அதே ஓர்த்தா கட்டிய இன்னொரு மாளிகையின் சொந்தக்காரர் வான் ஏட்வெல்டே. பெல்ஜிய ராஜா இரண்டாம் லியோபோல்டு 1885 முதல் 1908 வரை தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்த காங்கோவை பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்து நிர்வகித்தவர். அந்த வீட்டுக் கண்ணாடிக் கூரையின் அடியில் என்னால் நிம்மதியாக நிற்க முடியவில்லை. அதைப் பார்த்த கையோடு இக்ஸெல் நகராட்சியில் மத்தொங்கே பகுதிக்குப் போய்விடுங்கள். காங்கோ தலைநகர் கின்ஷாசாவில் உள்ள ஒரு பேட்டையின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். அங்கே லிங்காலா காதில் விழும். தெருப் பலகையில் இடம் கிடைக்காத மொழி.

நீதிமன்ற மாளிகையை நீங்கள் தேடிப்போக வேண்டாம், அதுவே கண்ணில் படும். ஜோசப் புலார்ட் வடிவமைத்தது, 1883-இல் முடிந்தது. 1980-களில் சுற்றிக் கட்டிய சாரம் பல பத்தாண்டுகள் அப்படியே நின்றது. எனக்கு அது பிடிக்காது. அதற்காக வீடுகளை இழந்த மரோல் பேட்டைக்காரர்களுக்கும் பிடிக்கவில்லை. 'கோணல் ஆர்க்கிடெக்ட்' என்பது அவர்கள் பேச்சில் கெட்ட வசவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வெளியேயும் போய் வாருங்கள். நான் பிரெஞ்சு பேசும் மோன்ஸ் ஊருக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். வண்டி கிளம்பியபோது இரண்டு மொழியிலும் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. நகர எல்லையைத் தாண்டி டச்சுப் பகுதிக்குள் போனதும் கண்டக்டர் டச்சில் மட்டும் பேசினார். அதில் மோன்ஸ் இல்லை, 'பெர்கன்' என்று ஏதோ ஊர் இருந்தது. வண்டி மாறி ஏறிவிட்டோம் என்று பையை எடுத்துக்கொண்டு கதவருகே போய் நின்றுவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் சிரித்துக்கொண்டே உட்காரச் சொன்னார். இரண்டும் ஒரே ஊர், இரண்டுக்கும் மலை என்றுதான் அர்த்தமாம். இறங்கிப் பார்த்தேன், மலை என்று சொல்ல முடியாது. ஒரு மேடு இருந்தது. மூச்சு வாங்கத்தான் ஏறினேன்.

அன்புடன்.